யாரும் வராத துறைமுகம்

நவம்பர் 3, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. குளிரில் மாவு பொங்கவே இல்லை. எதிர்வீட்டு விமலா பாத்திரத்தை மோந்து பார்த்துவிட்டு, "என்னாக்கா, இது மாவா, சுண்ணாம்பா?" என்றாள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் நாலு தெருவுக்கு என் மாவில்தான் இட்லி ஊற்றுகிறார்கள். அந்தத் திமிரில், "புடிக்கலன்னா கடையில பாக்கெட் மாவு விக்குது, போய் வாங்கிக்க" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே வாங்கிக்கொண்டு போனாள்.

அரிசி களைந்துகொண்டிருக்கும்போது அஞ்சலாட்சி அண்ணி வந்தார். என் வீட்டுக்காரருக்கு அக்கா. காபியை ஆற்றியபடியே, "பாண்டியில ஒருத்தர் இருக்கார். கலியபெருமாள்னு பேரு. மோட்டாருக்குக் காயில் கட்டுறவர். ஒன்னப் பத்திச் சொல்லி வச்சிருக்கன்" என்றார். கிரைண்டர் ஒரு மாதமாக உறுமுகிறதே, அதற்குத்தான் என்று நினைத்து, "வந்து பாக்குறதுக்கு என்னா கேப்பாரு?" என்றேன்.

"கேக்குறதுக்கு என்னா இருக்குது? ஒனக்குச் சம்மதம்னா கட்டிக்குவாரு."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. "ஒங்க தம்பி பொண்டாட்டிக்கு நீங்களே மாப்பிள்ள பாக்குறீங்களா? வெட்கமா இல்ல?" என்று கத்தினேன்.

அண்ணி டம்ளரைக் கீழே வைத்தார். "பதினோரு வருசத்துக்கு முன்ன செத்தது எந் தம்பி. நீ எதுக்குடி கூடவே சாவற?" என்றார். குடை எடுத்துக்கொண்டு கிளம்பியும் விட்டார்.

அப்புறம் களைந்த அரிசியையே மறுபடி களைந்திருக்கிறேன். இந்த வயதில் இது ஒன்றுதான் குறைச்சல்.

நவம்பர் 5, செவ்வாய்

இளமாறன் போன் செய்தான். மருமகள் நிவேதாவுக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. தை மாதம் குழந்தை. "அம்மா, ஒரேயடியா தாம்பரத்துக்கே வந்துடும்மா. வீட்ட வாடகைக்கு விட்டுடலாம். கிரைண்டர வாங்க ஆள் பாத்துட்டேன், அடுத்த வாரம் சனிக்கிழம வந்து பேசி முடிச்சிடறேன்" என்றான்.

நல்ல பிள்ளைதான். வீடு வீடாகப் போய்த் தேடினாலும் அப்படிப் பிள்ளை கிடைக்காது. நான் "பார்க்கலாம்டா" என்றேன். ஆவணியிலிருந்து அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் வீடு, என் கிரைண்டர், என்னிடம் காலையில் சண்டை போடும் விமலா, இதையெல்லாம் விட்டுவிட்டு அங்கே நாலாவது மாடியில் நான் என்ன செய்வேன் என்று அவனிடம் கேட்க வாய் வரவில்லை.

நவம்பர் 7, வியாழன்

அண்ணி வந்திருந்தார். என் போன் நம்பரை அந்த மனிதரிடம் கொடுக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். கடைசி எண் ஆறு என்பதையும் ஞாபகப்படுத்தினேன். அண்ணி எப்போதும் ஒன்பது என்று தப்பாகக் கொடுப்பார்.

நவம்பர் 8, வெள்ளி

போன் வந்தது. எடுத்ததும் அந்தப் பக்கம் ஒரே மோட்டார் சத்தம். "ஒரு நிமிசங்க, சுவிட்ச நிறுத்திட்டு வரன்" என்று ஒரு குரல். நானும் மரியாதைக்காகக் காத்திருந்தேன்.

நேரில் ஒருமுறை பார்த்துப் பேசலாமா என்றார். பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிடலாம், முகத்துக்கு நேராகச் சொல்வதுதான் மரியாதை என்று எனக்கும் பட்டது. எங்கே பார்ப்பது என்பதில்தான் வந்தது வினை. வீட்டுக்கு வந்தால் தெருவே வாசலில் நிற்கும். பாடலீசுவரர் கோயில் என்றால் சொந்தக்காரர்கள் யாராவது ஒருத்தர் அர்ச்சனைத் தட்டோடு எதிரே வருவார். ஓட்டலில் உட்கார்ந்தால் விமலாவின் தம்பிதான் பரிமாறுவான். பாண்டி பீச்சா? சீ, இளவட்டங்கள் மாதிரி!

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அரிக்கமேடு வரீங்களா?" என்றார். "பழைய காலத்துத் துறைமுகம். அங்க யாருமே வரமாட்டாங்க. மொதலியார்பேட்டையில பொறந்து வளந்தவன், நானே இன்னும் போனதில்ல."

நவம்பர் 10, ஞாயிறு

அலங்காரம் ஒன்றும் செய்துகொள்ளவில்லை. பச்சைப் புடவை மடித்து வெளியே இருந்தது, அதைக் கட்டிக்கொண்டேன். காலையில் தேய்க்கக் கொடுத்து வாங்கியது கைக்கு முதலில் அகப்படுவது இயற்கைதானே.

அரியாங்குப்பம் நிறுத்தத்தில் இறங்கினேன். சட்டைப் பையில் டெஸ்டர் செருகியபடி ஒருவர் நின்றுகொண்டிருந்தார். தலை பாதி நரை, கையில் ஒரு மஞ்சள் பை. "கலியபெருமாளுங்க" என்று கும்பிட்டார். பெண் பார்க்க வருகிறவர் டெஸ்டரை எடுத்து வைத்துவிட்டு வரக் கூடாதா? இரண்டு பேரும் ஒரு ஆட்டோவில் ஏறினோம். அவர் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

போய் இறங்கினால், அட கடவுளே! தோப்பு. மாமரமும் தென்னையும். அந்தப் பக்கம் ஆறு. நடுவில் இடிந்த செங்கல் சுவர் கொஞ்சம் நிற்கிறது, அதன் மேல் செடி முளைத்திருக்கிறது. ஒரு அறிவிப்புப் பலகை. முடிந்தது அரிக்கமேடு. இதற்காகவா உளுந்து ஊற வைக்காமல் ஓடி வந்தேன் என்று இருந்தது.

காவலுக்கு இருந்தவரிடம், "துறைமுகம் எங்கங்க?" என்று கேட்டேன்.

"எல்லாம் மண்ணுக்குள்ள இருக்குதும்மா. தோண்டிப் பாத்துட்டுத் திரும்ப மூடிட்டாங்க. இந்தச் செவுருகூட பின்னாடி வெள்ளக்காரப் பாதிரிங்க கட்டுனது."

"எதுக்கு மூடணும்?"

"வெயிலு மழைல கெட்டுப்பூடும். உள்ள இருந்தா பத்திரம்."

"அப்ப நாங்க எதப் பாக்க வந்தோம்?"

"வர்றவங்க எல்லாரும் இதத்தாம்மா கேக்குறாங்க" என்று சொல்லிவிட்டுப் பீடி பற்ற வைக்கப் போய்விட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கலியபெருமாள் சிரிக்கவில்லை, ஏதோ தானே கட்டிய துறைமுகம் காணாமல் போன மாதிரி சங்கடப்பட்டு, பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினார். ரோமாபுரியிலிருந்து கப்பலில் ஜாடி ஜாடியாகத் திராட்சை மது வந்ததாம். இங்கேயிருந்து பாசிமணியும் துணியும் போனதாம்.

"இட்லி மாவு போச்சா?" என்று கேட்டேன், சும்மா சீண்டத்தான்.

மனிதர் நிஜமாகவே யோசித்தார். "போயிருக்காதுங்க. கப்பல்ல அவ்ளோ நாள் தாங்காது, புளிச்சிடும்."

ஆற்றைப் பார்த்து ஒரு கட்டையில் உட்கார்ந்தோம். நடுவில் மஞ்சள் பை. ஒரே மகள், காரைக்காலில் கட்டிக் கொடுத்திருக்கிறார். மனைவி சகுந்தலா கிட்னி கெட்டுப்போய் இறந்து நாலு வருஷம். அதையெல்லாம் ஒப்பிப்பதுபோல் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். சமைக்க ஆள் வேண்டித்தானே இந்த ஏற்பாடு என்று நறுக்கென்று கேட்டுவிட்டேன். இந்தக் கேள்விக்குத்தான் நான் வந்ததே.

"சாப்பாட்டுக்கு மெஸ் இருக்குதுங்க. நல்லாவே போடுறாங்க" என்றார். "சாயங்காலம் கடைய மூடிட்டு வூட்டுக்குப் போனா, இன்னிக்கி இன்னா நடந்துதுன்னு கேக்க ஆள் இல்ல. மொதல்ல கஷ்டமா இருந்துது. இப்ப எனக்கே ஒண்ணும் நடக்கலன்னு தோணுது. அது பயமா இருக்குதுங்க."

உறுமுகிற கிரைண்டரைப் பற்றிச் சொன்னேன். எப்போது உறுமுகிறது, போட்டதுமா, அரிசி விழுந்த பிறகா என்று வைத்தியர் மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டார். என் வீட்டில் நடப்பதை இப்படி யாரும் கேட்டு நாளாகிறது.

திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. புல் செதுக்க வந்திருந்த பெண்கள் தார்ப்பாய் கட்டி டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் ஓடி ஒதுங்கினோம். எங்களுக்கும் டீ ஊற்றிக் கொடுத்தார்கள். டம்ளர் வாங்குகிற அவசரத்தில் அவர் மஞ்சள் பையை நழுவ விட்டார். உள்ளேயிருந்து ஒரு வாழை இலைப் பொட்டலம் உருண்டு, பிரிந்து, முல்லைச் சரம் வெளியே வந்து விழுந்தது.

"அய்யய்ய, பூவத் தரையில போடலாமா?" என்று ஒரு பெண் எடுத்து உதறினாள். "ஆசையா வாங்கியாந்திருக்காரு, நீ வெறுந்தலையா ஒக்காந்திருக்கியேக்கா!" நான் "வேணாம், வேணாம்" என்பதற்குள், கையில் சுடச்சுட டீயோடு என்ன செய்வேன், தன் தலை ஊசியையே உருவி என் கொண்டையில் செருகிவிட்டாள். மற்றவர்கள், "இப்பதான் லட்சணமா இருக்குது" என்றார்கள்.

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் கொண்டுவந்த பூவைப் பெண் தலையில் வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அதற்கப்புறம் வேண்டாம் என்பதெல்லாம் கிடையாது. கலியபெருமாள் முகம் சாம்பலாகிவிட்டது. மழை விட்டு நடக்கும்போதுதான் தயங்கித் தயங்கிச் சொன்னார். "நான் உங்களுக்கு வாங்கலைங்க. ஞாயித்துக்கெழமன்னா சகுந்தலா படத்துக்கு வாங்குறது. திரும்பி வர்றதுக்குள்ள பூக்கடைய மூடிடுவாங்களேன்னு காலையிலயே..."

அடி வயிற்றிலிருந்து கோபம் வந்தது. இன்னொருத்தி படத்துக்கு வாங்கிய பூ! பிடுங்கி எறியக் கையைக் கொண்டுபோனேன். பின்கழுத்தில் சரத்தின் ஈரம் பட்டது. அது எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அழுகை வந்தது. ஏனென்று தெரியவில்லை என்று எழுதப் பார்த்தேன், பொய். தெரியும்.

கையை எடுத்துவிட்டேன். அவர் பையிலிருந்து குடையை எடுத்து எனக்கு மட்டும் பிடித்துக்கொண்டு, மரங்கள் சொட்டியதில் நனைந்தபடியே வந்தார். மழைதான் நின்றுவிட்டதே என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

கடலூர் வருவதற்குள் பஸ்ஸிலேயே பூவை எடுத்துவிட்டேன். அதை என்ன செய்தேன் என்று எழுத மாட்டேன்.

நவம்பர் 11, திங்கள்

போன். "நேத்து நடந்தத நீங்க கணக்குல எடுத்துக்க வேணாங்க. தெரியாம நடந்துபோச்சு. நீங்க எதுக்கும் கட்டுப்படல."

"சரி" என்று வைத்துவிட்டேன். கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாமாம்! யார் எடுத்துக்கொண்டது? பெரிய கணக்குப்பிள்ளை!

கோபத்தில் உளுந்துக்கு அளவு தெரியாமல் தண்ணீரை ஊற்றிவிட்டேன். பத்து நிமிஷம் கழித்து நானே போன் போட்டேன். "அவங்களுக்கு வேற பூ வாங்கி வச்சீங்களா?"

"இல்லைங்க. கட மூடிட்டாங்க. இந்த வாரம் உன் பூவ ஒருத்தங்க வச்சிக்கிட்டாங்கன்னு படத்துகிட்ட சொன்னன்."

"என்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலைங்க. கோவமா இருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

நவம்பர் 13, புதன்

அண்ணி மோர் எடுக்கிறேன் என்று ஃபிரிட்ஜைத் திறந்தார். மாவு டப்பாவுக்குப் பின்னால் வாழை இலையில் சுருட்டிய சரத்தைக் கண்டுபிடித்துவிட்டார். சாமிக்கு வாங்கியது என்றேன். "சாமி படம் ஃபிரிட்ஜுக்குள்ள எப்ப மாட்டுன?" என்று கேட்டுவிட்டு, மோரைக்கூடக் குடிக்காமல் சிரித்துக்கொண்டே இருந்தார். ஊரில் இல்லாத நாத்தனார் எனக்கு வாய்த்திருக்கிறார்.

நவம்பர் 16, சனி

இளமாறன் வந்தான். அண்ணி பஸ் நிலையத்துக்கே போய் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். என் வாயால் வந்தால் சண்டையாகும் என்று நினைத்தாராம். சண்டையாகத்தான் ஆனது.

அவனுக்குப் பிடித்த சுறாப்புட்டு செய்து வைத்திருந்தேன். தட்டைத் தொடவில்லை. சுவரில் அவன் அப்பா படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்பாவ மறந்துட்டியாம்மா?" என்றான்.

"ஒரு நாள் மறந்ததில்லடா. மறக்காம இருக்குறதுக்கு நான் தனியாத்தான் கெடக்கணுமா?"

"எதுக்குத் தனியா? நான்தான் வந்துடு வந்துடுன்னு கூப்புடறேனே."

"நீ கூப்புடறது புள்ளையப் பாத்துக்கறதுக்கு."

வாயிலிருந்து விழுந்துவிட்டது. அவன் முகம் சுருங்கிப்போனது. சின்ன வயதில் அடி வாங்கினால் கீழுதட்டைக் கடித்துக்கொள்வானே, அதே மாதிரி. சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் பொய்யும் இல்லை. கிரைண்டர் வாங்க வந்த ஆளிடம் அவனே போய் இன்னொரு நாள் வரச் சொல்லிவிட்டான்.

சாயங்காலம் வந்து, "அந்த ஆள நான் பாக்கணும்" என்றான்.

"வூட்டுக்கெல்லாம் வரச் சொல்ல மாட்டன்."

"எங்க பாத்தீங்களோ அங்கயே வரச் சொல்லு."

நவம்பர் 17, ஞாயிறு

நான், இளமாறன், அண்ணி, மூன்று பேரும் அரிக்கமேட்டில் போய் இறங்கினோம். அவர் எங்களுக்கு முன்பே வந்து நின்றார். இன்றைக்கு டெஸ்டர் இல்லை, மஞ்சள் பையும் இல்லை. பையை எங்கே என்று நான் தேடியதை அண்ணி பார்த்துவிட்டார்.

இளமாறன் சுற்றுமுற்றும் பார்த்தான். இடிந்த சுவரைப் பார்த்தான். "இங்க என்னம்மா இருக்கு?" என்றான்.

"எல்லாம் மண்ணுக்குள்ள இருக்குது" என்றேன், ரொம்பத் தெரிந்தவள் மாதிரி.

மாமரத்தடியில் நின்று விசாரணை ஆரம்பமானது. என் பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு கேட்கிறான், அவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பதில் சொல்கிறார். குடிப்பழக்கம் உண்டா? இல்லை. சர்க்கரை? இருக்கிறது, மாத்திரை போடுகிறார். மகளுக்குத் தெரியுமா? அவள்தான் முதலில் பேச்சை எடுத்தாளாம்.

"அம்மா தை மாசம் எங்க வீட்டுக்கு வந்துடுவாங்க" என்றான் இளமாறன்.

"வரட்டும் தம்பி. வரணும்தான."

"மூணு மாசம் இருப்பாங்க."

"இருக்கட்டும்."

"ஆறு மாசம்கூட ஆகலாம். ஒரு வருஷம்கூட ஆகலாம்."

கலியபெருமாள் தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம், "ஆவட்டும் தம்பி. கொழந்தைக்குத் தேவன்னா ஆவட்டும். நான் காத்திருக்கறன்" என்றார்.

இருவரும் என்னை நடுவில் வைத்துக்கொண்டு ஆடு பேரம் பேசுவதுபோல் பேசுகிறார்கள். நான் அங்கே நிற்பதே ஒருத்தருக்கும் நினைவில்லை. எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ!

"நிறுத்துங்க ரெண்டு பேரும்!" என்று போட்ட சத்தத்தில் காவல்காரர் எழுந்து நின்றுவிட்டார். "எனக்கு நாள் குறிக்க நீங்க யாரு? கேட்டுக்கங்க. தை பொறந்ததும் நான் தாம்பரம் போவன். எம் பேரப்புள்ளைய நான் குளிப்பாட்டாம வேற யாரு குளிப்பாட்டுவா? பங்குனி முடிய இருப்பன். சித்திரையில என் வூட்டுக்கு வந்துடுவன். வூட்ட வாடகைக்கு விட மாட்டன், கிரைண்டர விக்க மாட்டன். வைகாசியில..."

அங்கே நின்றுவிட்டது.

ஆற்றில் யாரோ துடுப்புப் போடுகிற சத்தம் கேட்டது. அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். இளமாறன்தான், மெதுவாக, "வைகாசியில என்னம்மா?" என்று கேட்டான்.

கேட்ட விதத்தில் கோபம் இல்லை. அதுதான் என்னை உடைத்தது. கோபமாகக் கேட்டிருந்தால் ஒன்றுமில்லை என்று சொல்லித் தப்பித்திருப்பேன்.

"வைகாசியில இவரு நம்ம வூட்டுக்கு வரட்டும்" என்றேன். "நான் எங்கயும் போவல. வர்றதுன்னா இவருதான் வரணும்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

"வரன்" என்றார் அவர். "ஒண்ணே ஒண்ணுங்க. சகுந்தலா படம் ஒண்ணு இருக்குது. அத மட்டும் வுட்டுட்டு வர முடியாது. எங்கனா ஒரு மூலையில வச்சிக்கலாமான்னு..."

"மூலையில எதுக்கு? எங்க வூட்டுக்காரரு படத்துப் பக்கத்துல ஒரு ஆணி அடிச்சா போச்சு" என்றேன். சொல்லிவிட்டு மகனைப் பார்க்கப் பயமாக இருந்தது. அது அவன் அப்பா படம். அந்தச் சுவரில் இன்னொரு ஆணியைப் பற்றிப் பேச எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று கேட்டிருந்தால் நான் வாயடைத்துப் போயிருப்பேன்.

அவன் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. அண்ணி அவனிடம் போகப் பார்த்தார், நான் வேண்டாம் என்று தலையாட்டினேன்.

கொஞ்ச நேரம் கழித்துச் சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான். கலியபெருமாளுக்கு நேராக நின்றான்.

"அந்த ஆணிய நான்தான் அடிப்பேன்" என்றான்.

அவர் தலையாட்டினார். "அடிங்க தம்பி. செங்கல் செவுரா, சிமெண்டா?"

"செங்கல்தான்" என்றான் இளமாறன். அதைச் சொல்லும்போது என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.